ஸ்கேன் ரூமில் ஒரு தொடர்கதை

சென்னை மாநகரத்திலேயே ஒரு மனிதனை முழுசாக நாற்பது நிமிடம் ஆடாமல் அசையாமல் படுக்கவைக்கத் தெரிந்த ஒரே ஆசாமி ‘தொடரும்’ சார்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதி. மயிலாப்பூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எனக்குக் குமாஸ்தா வேலை, அவர் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். மூன்று ஊர் டாக்டர்கள் கூட்டுச் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார்கள். தலையில் அடிபட்டவர்களின் மூளையை அடிபட்ட புதிதில் ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை படம் எடுத்து, என்ன ஆறியிருக்கிறது என்று பார்ப்பது. இரண்டாவது படம் இல்லையென்றால் முதல் படமும் குப்பைக்குத்தான். ஆனால் எழுந்து நடமாட ஆரம்பித்தவர் யார் மறுபடி அந்தக் குழாய்க்குள் போய்ப் படுப்பார்? உள்ளே கேட்பது காதருகே அம்மி கொத்துகிற சத்தம்.

தொடரும் சார் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சத்தம் நிற்கிற இடைவெளிகளில் மைக்கில் கதை சொன்னார்.

“நீங்க அசைஞ்சா படம் முதல்லேர்ந்து எடுக்கணும். படம் முதல்லேர்ந்துன்னா கதையும் முதல்லேர்ந்துதான். புரிஞ்சுதா?” என்பார். அவ்வளவுதான், ஆள் மரக்கட்டை. கடைசிச் சத்தம் ஓயும்போது கதையில் யாராவது ஒருத்தர் கதவைத் திறக்கக் கை வைத்திருப்பார். “மீதி ஆறு மாசம் கழிச்சு. தொடரும்” என்று மைக்கை அணைத்துவிடுவார்.

ஒருத்தர் டிராலியை விட்டு இறங்கமாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்தார். தரை துடைக்கிற அம்மா கதை கேட்டபடி ஒரே இடத்தைத் துடைத்துத் துடைத்துப் பளிங்காக்கினார். இரண்டு நோயாளிகள் வாசல் டீக்கடையில் சந்தித்து, ஒரே கதையில் இருவருக்கும் வெவ்வேறு கொலைகாரன் என்று தெரிந்து மல்லுக்கு நின்றார்கள். மற்ற இரண்டு ஊர்களிலும் படங்கள் கலங்கலாக வந்தன, ஆட்களும் திரும்பவில்லை. உங்கள் ரகசியம் என்ன என்று கடிதம் எழுதிக் கேட்டார்கள். ‘நோயாளியுடன் இணக்கமான உரையாடல்’ என்று எங்கள் டாக்டர் கூசாமல் பதில் எழுதினார்.

வீட்டிலும் இப்படித்தானாம். “நாளைக்கு நான் வரமாட்டேன், ஏன்னா எங்காத்துல...” என்று என்னிடமே பாதியில் நிறுத்திவிட்டு பஸ் பிடித்துப் போனவர் அவர். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போனது.

கடைசியில் எங்கள் பட்டியலில் ஒரே ஒருவர் பாக்கி. தேனாம்பேட்டை ஆட்டோக்காரர் ஏழுமலை. அவருடைய இரண்டாவது படம் அந்த வாரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் எங்கள் சென்டரை ஆராய்ச்சியிலிருந்து கழற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அதோடு என் வேலையும் போகும். ஏழுமலைக்கோ அடிபட்டதிலிருந்து ஞாபகம் தங்குவதில்லை. நான் போட்ட நாலு தபால் கார்டுக்கும் பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு அவராகவே வந்து நின்றார். “கதை சொல்ற சார் கீறாரா?” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. குழாய்க்குள் தள்ளியதும் மறுபடி போனது. தொடரும் சார் மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “இவருக்கு எந்தக் கதை சொன்னேன்? சுத்தமா மறந்துபோச்சும்மா.”

உள்ளேயிருந்து குரல். “இன்னா சார், சத்தத்தையே காணோம்? கதை இல்லேன்னா நான் எந்திரிச்சுப் போய்க்கினே இருப்பேன்.”

சார் மைக்கிலிருந்து கையை எடுத்தார். “எங்க விட்டேன்னு நீங்க சொல்லுங்கோ, பார்ப்போம்.”

“டெஸ்ட் வெக்கிறியா? சரி கேளு. கல்யாண மண்டபத்துல மாப்ளைய காணோம். மொட்ட மாடில ஒத்தச் செருப்பு கெடக்குது...”

ஏழுமலை சொன்னார். சத்தம் வரும்போது நிறுத்தி, ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்தார். பொண்ணோட சித்தப்பா, பூட்டின ஸ்டோர் ரூம், பந்தியில் குறைந்த ஓர் இலை, ஒன்றும் தப்பவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தொடரும் சார்தான் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பட்டனை அமுக்கச் சொல்லி நான் இரண்டு தடவை இடிக்கவேண்டியிருந்தது. ஏழுமலையின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். “காலீல துன்ன இட்லியே நெனப்புல நிக்காது மேடம் இதுக்கு” என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன்.

படம் அப்பழுக்கில்லாமல் வந்தது. எங்கள் சென்டர் தப்பித்தது.

“செருப்பு மாப்ளையோடது இல்லேன்ன. அப்ப யாருது?” என்று கேட்டபடியே ஏழுமலை எழுந்து உட்கார்ந்தார். மூன்றாவது ஸ்கேன் என்று ஒன்று ஆராய்ச்சியில் கிடையாது. சாரிடம் முடிவும் கிடையாது. “ஞாயித்துக்கிழமை உங்காத்துக்கே வந்து சொல்றேன்” என்றார். வாய் தவறிச் சொன்னார் என்றுதான் நினைத்தேன்.

வாராவாரம் போனார். ஒரு வருஷமாகியும் அந்த மாப்பிள்ளை கிடைக்கவில்லை. நானும் சில ஞாயிறுகளில் தேனாம்பேட்டைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை எக்கேடு கெட்டால் எனக்கென்ன? அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் தொடரும் சார் விழிக்கும்போது ஏழுமலை மெதுவாக எடுத்துக்கொடுப்பார். அதைப் பார்க்கத்தான் போனேன்.