வைரக்கட்டை அண்ணனும் வேப்பம்பிசினும்

மரத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனிதர் மதுரை ஜில்லாவிலேயே ஒருவர்தான். அவர் வைரக்கட்டை அண்ணன். மச்சினனின் மாடி வீட்டைப் பார்த்து வயிறெரிகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "கிட்னியே இல்லாம எம்புட்டு வருசமா நிக்கிது பாருங்க மாப்ள" என்று ஒரு வேப்பமரத்தின் முன் நின்று பெருமூச்சு விட்டவர் அவர் மட்டும்தான்.

கே.கே. நகரில் ஒரு டயாலிசிஸ் சென்டர். என் மனைவி செல்விக்கு வாரம் மூன்று நாள் அங்கே ரத்தம் சுத்தம் செய்தார்கள். பக்கத்துக் கட்டில் அண்ணனுக்கு. பேரையூர்ப் பக்கம் மர அறுவை மில்லில் ரம்பம் ஓட்டியவர், நோயில் கறுத்து வற்றிப்போயிருந்தார். முதல் நாள் ஏதாவது பேச வேண்டுமே என்று, "நீங்க வைரம் பாஞ்ச கட்டைண்ணே" என்று சொல்லிவைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை ஆகிவிட்டது.

"வைரம்னா என்னான்னு நினைச்சீக? மரத்துக்கு ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போக வழியில்ல. கழிவக் கொண்டுபோயி நடுத்தண்டுல போட்டு அடைச்சிரும். அது இறுகிக் கறுத்து நிக்கிதுல்ல, அதத்தேன் நாம வைரம்ங்கிறோம். நெலை, கதவு, கட்டிலு அம்புட்டும் அதுதேன்."

அன்று எங்கள் தேக்குக் கட்டிலில் படுக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அவருக்கோ அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு சிஸ்டர்கள் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்.

வாசலில் பழுத்த இலை கிடந்தால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டுவார். "நல்லத உறிஞ்சிக்கிட்டு, வேண்டாதத இலையில ஏத்தி உதுத்து விடுது. மிதிக்காம வாங்க" என்பார். கருணைக்கிழங்கு தொண்டையில் அரிப்பதற்கும் காரணம் வைத்திருந்தார். கிழங்கு தன் கழிவை ஊசி ஊசியாக்கி உள்ளே ஒளித்து வைத்திருக்கிறதாம். ஒரு நாள் மட்டும் குரல் இறங்கிப் பேசினார். "வெள்ளன எந்திரிச்சு சேம்பு இலையப் பாத்தா, நுனியில சொட்டுச் சொட்டா தண்ணி நிக்கிது தாயி. எனக்கு அந்தச் சொட்டு நின்னு ரெண்டு வருசமாச்சு." செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டயாலிசிஸ்காரர்களின் கையில் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அந்த இடத்தில் காதை வைத்தால் உள்ளே 'ர்ர்ர்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஓடினால் நல்லது, நின்றால் ஆபத்து. அண்ணன் தன் கையைச் செல்வியின் காதிலும் என் காதிலும் வைத்து அழுத்தினார். எங்கோ தொலைவில் ரம்பம் ஓடுவதுபோல் கேட்டது.

"மில்லத்தேன் மூடிட்டாங்ய. ரம்பம் எனக்குள்ள வந்திருச்சு. நா அறுத்த மரமெல்லாம் சேந்து இப்ப என்னைய அறுக்குது" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்டருக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்ற வேப்பமரம்தான் அவருடைய பெரிய ஆயுதம். யார் முறை தவறி வராமல் நிற்கிறார்களோ, அவர்களுக்காக அந்த மரம் பிசின் விடும் என்றார். "அவுக கழிக்காதத மரம் கழிக்கிது. பிசின் இறுகுறதுக்குள்ள வந்து படுத்துட்டா தப்பிச்சாக."

சிஸ்டர்கள் அவரை வாயை மூடச் சொன்னார்கள். ஆனால் கல்யாணத்துக்குப் போகிறேன் என்று நின்றுவிட்ட ஒரு வாத்தியாருக்கு மரத்தில் பிசின் பொங்கியது. அது இளகலாக இருக்கும்போதே மூச்சு இரைக்க ஓடிவந்து படுத்தார், பிழைத்தார். அலங்காநல்லூர்க்காரர் ஒருவர் வரவே இல்லை. அவருக்காக வந்த பிசின் கண்ணாடி மாதிரி இறுகியது. அந்த வாரமே அவர் கட்டிலில் புது விரிப்பு போட்டார்கள். நான் பகுத்தறிவுக்காரன். இருந்தாலும் வண்டியை அந்த மரத்தடியில் நிறுத்தி, தண்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

ஒரு நாள் செல்வி, "போதும். செத்துச் செத்துப் பொழைக்கிறது என்னால முடியல. இனிமே வரல" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். இரண்டு முறை தவறிவிட்டது. இனியும் தள்ளினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்றார் டாக்டர்.

அன்று மத்தியானம் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடியேறி வந்தார். உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, வாழையிலைத் துண்டைப் பிரித்துக் கட்டிலில் வைத்தார். உள்ளே தேன் நிறத்தில் ஒரு பிசின் உருண்டை இருந்தது.

"அமுக்கிப் பாரு தாயி."

"போங்கண்ணே, விளையாடாதீங்க."

"அமுக்கு."

அவள் விரலை வைத்து அழுத்தினாள். அண்ணன் குனிந்து நெடுநேரம் அதையே பார்த்தார். "ரேகை விழுது. இன்னும் நேரமிருக்கு" என்றார்.

செல்வி விரலை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஆட்டோவ அனுப்பிட்டீகளா?" என்று கேட்டாள்.

"கீழதேன் நிக்கிது."

"இருங்க, வாரேன்."

படியிறங்கும்போது அவர் சட்டைப் பையில் ஒரு துருப்பிடித்த ஆணி தெரிந்தது. அதன் நுனியில் பட்டைத் தூள் ஒட்டியிருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். தோள் துண்டை இழுத்துப் பையை மூடிக்கொண்டார்.

"மரம் தானா எப்பக் கழிக்கிறது மாப்ள? நாமதேன் கொஞ்சம் கீறி விடணும்."

கார்த்திகை மழையில் ஒரு நாள் அவர் கட்டில் காலியாக இருந்தது. விடியக்காலையில் போய்விட்டார் என்றார்கள். அவர் ஒரு முறைகூடத் தவறியதில்லை. நான் நேராக மரத்தடிக்கு ஓடினேன். ஆணி கீறிய இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. எல்லாம் ஆணி செய்த வேலைதான், அப்பாடா என்று நிமிர்ந்தேன். உயரத்தில், எந்த ஆளின் கையும் எட்டாத கிளைக் கவட்டில், கைப்பிடி அளவு பிசின் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. யார் கீறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது அந்தக் கட்டிலில் ஒரு சின்னப் பெண். புதிதாகக் கல்யாணமானவள். போன வாரம் வர மாட்டேன் என்று அடம்பிடித்தாளாம். மறுநாளே மரத்தில், இடுப்புயரத்தில், புதுப் பிசின் கட்டியிருந்தது. செல்வியின் சேலை ஊக்கு வளைந்திருந்தது, நுனியில் பட்டைத் தூள்.

செல்வி மரத்தில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"அண்ணன் கை மாதிரியே ஓடுதுங்க. நீங்களும் கேளுங்க."

நானும் வைத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் காதை எடுக்க மனம் வரவில்லை.