தனித்தனியே வந்து பேசவும்

சேசு மரி சூசை துணை

படப்பை,
17-11-1991, ஞாயிறு.

பெருமதிப்பிற்குரிய மாமா டெனிசன் அவர்களுக்கு மைத்துனன் ஆபிரகாம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் அருள்மேரியும் பிள்ளைகளும் ஆண்டவர் தயவில் நலம், மழைதான் நின்றபாடில்லை. தாங்களும் ஜெர்சி அக்காவும் செய்யாற்றில் நல்ல சுகத்துடன் இருப்பதை, தங்கள் கடிதத்தில் நீலப் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்த ஐந்து கேள்விகளின் அழுத்தத்திலிருந்தே தெரிந்துகொண்டேன். காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது.

ஆபிரகாம் சங்கத்துக்காரர்களோடு சேர்ந்து மேனேஜருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து வாதாடினானாமே, உண்மையா என்பதைத் தாங்கள் ஐந்து விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் அரசாங்கத்திடமே பேரம் பேசலாமா, பேரம் பேச அதென்ன கத்தரிக்காயா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியரான தாங்கள் கேட்டால் நான் பதில் சொல்லியே ஆகவேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படிக்கவும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டால் உத்தமம்.

எங்கள் ஆலை தங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரகடம் கூட்டு ரோட்டைத் தாண்டி, சாக்கடைக்கும் குடிநீருக்கும் கான்கிரீட் குழாய் செய்யும் அரசு ஆலை. வார்த்த குழாய் ஒவ்வொன்றும் யானைக் குட்டி கனம். அதைக் கிரேன் சங்கிலியில் மாட்டித் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். அந்தச் சங்கிலி பழசாகித் தேய்ந்துவிட்டது என்று தொழிலாளர்கள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் சங்கிலி வழுக்கிக் குழாய் இறங்கிவிட்டது. பென்னலூரிலிருந்து சைக்கிளில் வரும் தசரதன் என்பவருக்கு இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. உயிர் தப்பியது பெரிய காரியம். அதன் பிறகும் சங்கிலி மாறவில்லை. மூன்று முடிச்சுப் போட்டுக் கம்பி சுற்றி அதையேதான் ஓட்டினார்கள்.

சங்கத் தலைவர் தணிகாசலம், குழாய் வார்க்கும் அச்சுப் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்க்கிறவர், பேச்சுவார்த்தைக்கு நேரம் கேட்டு வந்தார். எங்கள் மேனேஜர் கண்ணப்பன் சார் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். கெட்டவர் இல்லை, ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து காகிதம் வந்தால் அதை எழுந்து நின்று படிக்கிறவர். ஜூன் மாதமே ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பொதுத்துறையில் சம்பளமும் வேலை நிலைமையும் அரசு தீர்மானிப்பவை, அதில் சங்கங்களோடு பேசித் தீர்க்க ஒன்றும் இல்லை, சங்க நிர்வாகிகளைச் சந்திக்கக்கூடாது, குறை உள்ளவர் தனித்தனியே வந்து சொல்லலாம் என்று. சார் அதைத் தணிகாசலத்துக்குப் படித்துக் காட்டினார்.

"தனியார் கம்பெனின்னா முதலாளிகிட்ட பேரம் பேசலாம்வே. இங்கன முதலாளி யாரு? ஜனங்க. ஜனங்ககிட்டப் போயி பேரம் பேசுவீயளா?"

"நாங்க இன்னா சார், ஜனங்க இல்லியா? ஓட்டுப் போடறப்போ மட்டும் ஜனமா?" என்றார் தணிகாசலம். "தலைக்கு மேல தொங்கறது கவர்மெண்ட் சங்கிலின்னா நோவாதா?"

சார், தனித்தனியே வரட்டும் என்று எழுத்தரான என்னை ஒரு அறிவிப்பு எழுதச் சொன்னார். நானும் நல்ல கையெழுத்தில் எழுதி ஒட்டினேன். அதோடு முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தோம்.

மறுநாள் காலை நான் பஸ்ஸை விட்டிறங்கிப் போகும்போது, மேனேஜர் அறை வாசலில் தொடங்கி சைக்கிள் ஸ்டாண்டு வரை வரிசை நின்றது. மொத்தத் தொழிலாளர்கள் நூற்று அறுபத்து நான்கு பேர். அத்தனை பேரும் குடையோடு நின்றார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. ரேஷன் கடையில்கூட அவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை. சுற்றறிக்கைப்படி ஒவ்வொருவர் குறையையும் அவரவர் சொல்லில் மூன்று பிரதி எழுத வேண்டும். எழுதுவது நான். ஒரு கட்டு கார்பன் பேப்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவர் தணிகாசலமேதான். சங்கத் தலைவராக வரவில்லை, டோக்கன் நம்பர் பதினேழாக வந்திருக்கிறேன் என்றார். "கிரேன் சங்கிலிய மாத்தணும் சார்."

"அது பொதுக் குறைல்லா. ஒம்ம தனிப்பட்ட குறையைச் சொல்லும்."

"இதான் சார் என் தனிப்பட்ட குறை. என் தலைக்கு நேரா தொங்கிகினு கீது."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கு அடுத்தவரும். 'மேற்படி' என்று போட்டுவிடலாமா என்று நான் கேட்டேன். சார் யோசித்துவிட்டு, அவரவர் சொல்லில் என்றுதான் இருக்கிறது, எழுதும் என்றார். மத்தியானத்துக்குள் 'சங்கிலி' என்ற சொல்லை முப்பத்தாறு தடவை, மூன்று பிரதியில் எழுதியிருந்தேன். வலது கை மரத்துப்போய்ச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்க முடியவில்லை. வரிசையில் நின்ற ஒருவர்தான் திறந்து கொடுத்தார்.

மத்தியானம் வல்லக்கோட்டை முனியம்மாள் உள்ளே வந்தது. வார்த்த குழாய்களுக்குத் தண்ணீர் அடிக்கும் பிரிவில் வேலை. கிரேன் பக்கமே போக வேண்டியதில்லை. அதைப் பார்த்ததும் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நீயாவது ஒன் சொந்தக் குறையைச் சொல்லும்மா. சங்கத்துக் குறை வேண்டாம்."

"சங்கம் இன்னாத்துக்கு சார், என் குறையே ஒரு மூட்டை கீது" என்று நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டது முனியம்மாள். ரேஷன் கார்டில் அதன் கணவர் பேருக்கு நேரே 'பெண்' என்று போட்டுவிட்டார்களாம். பள்ளிக்கூடச் சான்றிதழில் மகளுக்கு வயது முப்பத்தொன்று என்று இருக்கிறதாம், தாய்க்கே முப்பத்தைந்துதானாம். கிருத்திகை அன்றைக்கு முருகன் கோயில் கூட்டத்தில் பஸ்காரன் இதை மட்டும் ஏற்ற மாட்டேன் என்கிறானாம். சாருக்கு மனசு கேட்கவில்லை. தாலுகா ஆபீசுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று என்று அப்போதே என்னிடம் மனு எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. எல்லாவற்றையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்த முனியம்மாள், "நல்லா இருப்பே சார். இத்தையெல்லாம் நானே எப்படியாவது பாத்துக்குவேன். அந்தச் சங்கிலிய மட்டும் நீ மாத்திக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனது.

மேனேஜர் மனு எழுதிக் கொடுக்கிறார் என்ற சேதி அன்று சாயங்காலமே ஸ்ரீபெரும்புதூர் வரை போய்விட்டது போலிருக்கிறது. மறுநாள் சங்கிலியோடு சேர்ந்து பல்வலி, பட்டா, ஓடிப்போன ஆடு எல்லாம் வந்தன. மூன்றாம் நாள் வந்த ஒருவர் பக்கத்து வயல்காரரோடு தமக்குள்ள கிணற்றுத் தகராறை வரைபடம் போட்டு விளக்கினார். சார் பொறுமையாகக் கேட்டு, கிணற்று நீரை இருவரும் முறை வைத்து இறைத்துக்கொள்ளும்படி ஆலோசனையும் சொன்னார். அவர் போன பிறகுதான் அவர் எங்கள் ஆலையிலேயே வேலை செய்கிறவர் இல்லை என்று தெரிந்தது. அவரை வரிசையில் சேர்த்து எண் கொடுத்தவன் நான்தான். அதற்காகச் சார் என்னைத் திட்டவில்லை. திட்டுவதற்குத் தொண்டை இல்லை. நாலாம் நாள் காலை அவருக்கு முழுதாகக் குரல் போய்விட்டது. டாக்டர் ஒரு வாரம் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதுவரை எழுபத்தொரு பேர்தான் பேசி முடித்திருந்தார்கள்.

அன்றைக்கே தலைமை அலுவலகத்திலிருந்து தந்தி: 'உற்பத்தி பூஜ்யம். வேலைநிறுத்தமா? உடன் தெரிவி.' வேலைநிறுத்தம் இல்லை, சுற்றறிக்கையின்படி எல்லோரும் தனித்தனியே பேசக் காத்திருக்கிறார்கள் என்று பதில் எழுதினேன். சார் அதைப் படித்துவிட்டு ஜன்னல் வழியாக வரிசையை எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் 'என்ன செய்யலாம்?' என்று எழுதி என் பக்கம் தள்ளினார்.

"எல்லாருக்கும் சேர்த்து ஒருத்தர் பேசினா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும் சார்" என்றேன்.

'அதற்குப் பேர் என்ன?' என்று எழுதினார்.

"சங்கம்னு சொல்லுவாங்க சார்."

தம் கேள்வியையே அடித்துவிட்டு, 'வேறு பேர் சொல்லும்' என்று எழுதினார். அரை மணி நேரம் யோசித்து, 'பலரது தனிப்பட்ட குறைகளை ஒருவர் வாயிலாக ஒருசேரக் கேட்டறியும் தற்காலிக ஏற்பாடு' என்று கோப்பில் பேர் வைத்தோம். ஆனால் நிர்வாகிகளைச் சந்திக்கக்கூடாதே, யார் பேசுவது? தணிகாசலத்தைக் கேட்டால் அவர் சிரிக்காமல் சொன்னார்: "அப்போ ஆபிரகாம் சாரே பேசட்டும். எழுபத்தோரு பேரு சொன்னத்தையும் ஒண்ணு வுடாம கேட்டவரு அவரு ஒருத்தர்தானே."

மாமா, நான் எதிர் நாற்காலிக்குப் போன கதை இதுதான். யாரும் என்னைக் கொடி பிடிக்கச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்து தொழிலாளர் சார்பாக ஒரு வாக்கியம் பேசுவேன். எழுந்து மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து நிர்வாகத்தின் எழுத்தராக அதைக் குறிப்பெடுப்பேன். திரும்பப் போய் அடுத்த வாக்கியம் பேசுவேன். ஏழெட்டுத் தடவை சுற்றியதில் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. வாசலில் நின்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். சாருக்கும் சிரிப்பு வந்தது, சத்தம்தான் வரவில்லை.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இதுவரை அருள்மேரியிடம் தவிர வேறு யாரிடமும் இதை நான் சொல்லவில்லை. சங்கிலியைப் பற்றி முன்பே எழுத்தில் கேட்டதுண்டா என்று சார் எழுதிக் காட்டினார். கோப்பைப் புரட்டினேன். ஆகஸ்டு மாதம் சங்கம் கொடுத்த கடிதத்தின் அலுவலகப் பிரதி இருந்தது, உரக்கப் படித்தேன். எந்தச் சங்கிலி, எத்தனையாவது கண்ணி, எவ்வளவு தேய்மானம் எல்லாம் அளந்து எழுதியிருந்தது. அதன் ஓரத்தில் 'சங்கத்தின் பேரால் வந்திருப்பதால் ஏற்பதற்கில்லை, திருப்புக' என்று சிவப்பு மையில் குறிப்பு. கையெழுத்து என்னுடையது. சாருடைய மேசைக்கே அது போகவில்லை. தசரதனுக்கு விரல் போனது அதற்கு ஆறு வாரம் கழித்து.

தசரதன் கட்டுப் போட்ட கையோடு கதவோரம்தான் நின்றிருந்தார். அந்தக் குறிப்பையும் படித்து, கையெழுத்து என்னுடையது என்று சொல்லி நான் நின்றுவிட்டதைப் பார்த்து, "வுடு சார். ரூல்ஸு எழுதச் சொல்லிச்சி, நீ எழுதின" என்றார்.

"ரூல்ஸ் எழுதலை தசரதன். நான்தான் எழுதினேன்" என்றேன். பிறகு சார் பக்கம் திரும்பினேன். என்னுடைய குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. "அவங்க ஒண்ணாச் சேர்ந்து சொன்னப்போ, சேர்ந்து சொன்னதாலேயே திருப்பி அனுப்பினேன் சார். தனியாச் சொல்லியிருந்தா ஒருத்தன் சொல்லுதானேன்னு விட்டிருப்பேன். எப்படிச் சொன்னாத்தான் நாம கேட்போம்?" என்று கேட்டுவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தைக் குறிப்பெடுக்க நான் மேசையைச் சுற்றி வரவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

சார் அந்தச் சிவப்பு மைக் குறிப்பைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அதன் கீழேயே எழுதினார்: 'சங்கிலியை உடனே மாற்றுக. மாற்றும்வரை கிரேன் ஓடக்கூடாது. இனி இத்தகைய கடிதங்கள் நேரே என்னிடம் வரவும். என் பொறுப்பு.' கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். தணிகாசலம் கை கூப்பினார். யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் வேலைக்குப் போனார்கள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் மெட்ராஸிலிருந்து புதுச் சங்கிலி வந்தது. பழையதைக் கழற்றிப் பார்த்தால் ஒரு கண்ணி பென்சில் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. மாதம் ஒருமுறை தணிகாசலமும் முனியம்மாளும் சாரோடு உட்கார்ந்து பேசுவது என்றும் ஏற்பாடாகிவிட்டது. தற்காலிக ஏற்பாடு என்ற பேரை மட்டும் மாற்றவில்லை. தலைமை அலுவலகம் சாரிடமும் என்னிடமும் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பியிருக்கிறது. பொதுத்துறையையே மூடப்போகிறார்கள் என்று இந்த வருஷம் ஆளுக்கு ஒன்றாகப் பேசிக்கொள்கிற நேரத்தில் இது தேவையா என்று தாங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். போன செவ்வாய்க்கிழமை தணிகாசலம் கொண்டுவந்த உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆகவே தங்கள் ஐந்து கேள்விகளுக்கும் ஒரே பதில்: ஆமாம். வருத்தமாக இருந்தால் மன்னிக்கவும். ராத்திரி எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

அக்காவை மழையில் நனைந்துகொண்டு பூசைக்குப் போக வேண்டாம் என்று சொல்லவும். அருள்மேரி தங்கள் இருவருக்கும் வணக்கம் சொல்கிறாள். பிள்ளைகள் முத்தம் அனுப்புகிறார்கள். தங்கள் ஆசீரையும், முடிந்தால் மன்னிப்பையும் எதிர்பார்க்கும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள
ம. ஆபிரகாம்

பி.கு.: இதை ஒட்டப்போகும் சமயத்தில் கண்ணப்பன் சார் ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்துவிட்டார். குரல் வந்துவிட்டது. மாநிலத்தில் இருக்கிற ஒன்பது ஆலை மேனேஜர்களும் இடமாற்ற விஷயமாகத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்களாம். கூட்டாக எழுதினால் பார்க்க மாட்டோம், தனித்தனியே வந்து பேசவும் என்று பதில் வந்திருக்கிறதாம். "ஒவ்வொருத்தனாப் போனா எவம்வே கேக்கான்? நாங்க ஒம்பது பேரும் ஒண்ணா நிக்கலாம்னு இருக்கோம். அதுக்கு ஒரு விதிமுறை எழுதித் தாரும், ஆனா சங்கம்னு மட்டும் போட்டுராதேயும்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு விதிமுறை எழுதிப் பழக்கமில்லை. தங்கள் கடிதத்தோடு அக்கா தனியாக வைத்திருந்த துண்டுச் சீட்டைப் பார்த்தேன். தாங்கள் பதினோரு வருஷம் தலைமையாசிரியர் சங்கத்தின் செயலாளராக இருந்தீர்களாம், இரண்டு தடவை மறியலில் கைதானீர்களாம், அப்போது அச்சடித்த விதிப் புத்தகம் தகரப் பெட்டியில் அடியில் இருக்கிறதாம். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கவும். சார் காத்திருக்கிறார்.