குழாய்க்காரர் நான் இல்லை, அத்தை

பிரிஸ்பேன்,
செவ்வாய்க்கிழமை, கணக்குப் பாட வேளை

நார்ஃபோக் தீவின் தொலைபேசிப் புத்தகத்தைத் தொகுத்து அச்சடிக்கும் மாண்புமிகு வினிஃப்ரெட் நாப்ஸ் அவர்களுக்கு, அதாவது என் அப்பாவின் அக்கா வின்னி அத்தைக்கு, எஸ்ரா பணிவோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீங்களும் மாமாவும் நடுரோட்டில் படுத்திருக்கும் உங்கள் மாடுகளும் நலமா? நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது. இது புகார்க் கடிதம்.

போன வருஷம் அப்பாவுக்கு இங்கே வேலை கிடைத்துக் கிளம்பியபோது, ‘வெளியூர் போன பிள்ளைகள்’ பக்கத்தில் என் செல்போன் எண்ணைப் போடச் சொன்னேன். நம்ம புத்தகத்தில் எல்லாரும் பட்டப்பெயரில்தான் இருக்கிறார்கள், எனக்கு மட்டும் ‘சப்பட்டை’யைத் தூக்கிவிட்டு ‘எஸ்ரா நாப்ஸ்’ என்று போடுங்கள் என்று கெஞ்சினேன். பட்டணத்துப் பையன்கள் பார்த்துவிட்டால் என்ன ஆவது? இங்கே ஆளாளுக்கு போனில் ஒரு முகம், நேரில் ஒரு முகம். டேரியன் என்று ஒருத்தன், தன் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சாண்ட்விச்சின் ஒவ்வொரு கடிக்கும் ஒரு தடவை பார்க்கிறான். நானும் அப்படி ஆகிவிடலாம் என்றுதான் வந்தேன். முதல் நாளே கவிழ்ந்தேன். ஊர்ப் பழக்கத்தில், எதிரே வந்த ஒவ்வொரு காருக்கும் கையாட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனேனா, ஒரு பஸ் நின்றது, ஒரு டாக்ஸி நின்றது, ஒரு அம்மா பதறி இறங்கி நாலு டயரையும் சுற்றிப் பார்த்தார்.

“என் வண்டிக்கு என்னப்பா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை, சும்மா கையாட்டினேன்.”

“தெரியாதவங்களுக்கு எதுக்குக் கையாட்டுற?”

நமக்குத் தெரியாதவங்கன்னு யார் இருக்கா அத்தை? அன்றிலிருந்து என் கைகள் பாக்கெட்டில் குடியிருக்கின்றன.

இப்போது உங்கள் குற்றத்துக்கு வருகிறேன். குழாய்க்கார மாமாவுக்கும் எஸ்ரா நாப்ஸ்தான் பெயர். புத்தகத்தில் அவர் ‘ஒழுகல்’ என்று இருந்தவரை வம்பில்லை. நீங்கள் நான் கெஞ்சியதை மறந்து, பட்டியலில் என் பெயரைப் பார்த்ததும், ‘அட, ஒழுகலும் பெயரை மாத்திக்கிட்டாரா’ என்று அவர் வரியை அடித்துவிட்டு, என் எண்ணுக்குப் பக்கத்தில் ‘குழாய், கழிவறை, அழைத்தால் வருவார்’ என்று சேர்த்துவிட்டீர்கள். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் நான் எப்படி வருவேன்? தீவில் எந்தச் சாக்கடை அடைத்தாலும் என் பாக்கெட் அதிர்கிறது. புத்தகத்தில் ‘தார்டின்’ என்று இருக்கும் மாமாவின் கழிவறையில் தண்ணீர் நிற்காமல் ஓடியபோது, பொறுக்க முடியாமல், “உள்ளே குனிஞ்சு ஒரு கீர்த்தனை பாடுங்க மாமா” என்றேன். பாடினார். நின்றுவிட்டதாம். இப்போது அவர் சொல்லி நாலு பேர் எந்தக் கீர்த்தனை என்று கேட்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம். டேரியனும் இன்னும் எட்டுப் பேரும் சுற்றி இருக்கும்போது பேர்ல் சித்தியிடமிருந்து போன். அவசரத்தில் என் விரல் ஸ்பீக்கரை அழுத்திவிட்டது.

“ஏய் எஸ்ரா, சிங்க் அடைச்சுக்கிச்சு, வா.”

“நான் பிரிஸ்பேன்ல இருக்கேன் சித்தி.”

“அங்க என்ன வேலை உனக்கு? சரி, வரும்போது பெரிய குறடு எடுத்துட்டு வா.”

“நான் அந்த எஸ்ரா இல்ல, எங்கப்பா பேரு மோர்ஸ்பி.”

“எந்த மோர்ஸ்பி?”

வேறு வழியில்லை அத்தை. சொன்னேன். “சப்பட்டை, சித்தி.”

“அட நம்ம சப்பட்டையா! முதல்லயே சொல்லக்கூடாதா? வின்னியோட பில்ஹித் தட்டுல உக்காந்த பயதானே! டவுசர் வெளுத்துச்சா?”

ஒன்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு கதையைச் சொல்லச் சொன்னார்கள். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. நம்ம முன்னோர் தீவில் வந்திறங்கியதைக் கொண்டாடும் பவுண்டி நாள், எனக்கு ஏழு வயது, எல்லாரும் வெள்ளை உடுப்பில் புல்தரையில் சாப்பிட உட்கார்ந்தோம், நான் மட்டும் நீங்கள் விடிகாலையிலேயே எழுந்து வாழைக்காய் துருவிச் சுட்ட பில்ஹியின் மேல் உட்கார்ந்தேன். நீங்கள் தட்டைப் பார்த்தீர்கள், அப்படியே கவிழ்த்தீர்கள், “இப்பத்தான் சீரா சப்பட்டையா இருக்கு, கையை நீட்டுங்க” என்று வெட்டி, முதல் துண்டை அழுதுகொண்டிருந்த என் வாயில் திணித்தீர்கள். ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

“அந்தப் பேரை யார் வெச்சது?” என்றான் டேரியன்.

“ஊரே.”

ஒரு முழு சாண்ட்விச் முடியும்வரை அவன் போனைப் பார்க்கவில்லை. கடைசியில், “எனக்கும் ஒண்ணு வைடா” என்றான். ‘கடிக்கணக்கு’ என்று வைத்தேன். ஒரே சந்தோஷம்.

ஆனாலும் என் பட்டணத்து மானம் போனது போனதுதான். ஆகவே வரும் பதிப்பிலிருந்து என் பெயரையும் எண்ணையும் அடியோடு நீக்கும்படி மிகக் கண்டிப்புடன் கேட்டுக்கொள்கிறேன். மாமாவுக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் வலி குறையட்டும், மாடுகள் பெருகட்டும்.

தங்கள் கீழ்ப்படியாத மருமகன்,
எஸ்ரா நாப்ஸ்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமல் ஐந்து நாள் பையிலேயே வைத்திருந்தேன். இதற்குள் ஒழுகல் மாமா தன் எண்ணை ரேடியோவில் சொல்லிவிட்டாராம். அப்போதிருந்து ஒருத்தரும் கூப்பிடவில்லை. டேரியனைவிட அதிகமாக நான்தான் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். நேற்று கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து ஆட்டினேன். அந்த டயர் அம்மா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார், நம்ம ஊர் மாதிரியே. எனவே மேலே உள்ள எதையும் செய்யாதீர்கள். ‘சப்பட்டை’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள். ‘குழாய், கழிவறை’யும் பக்கத்திலேயே இருக்கட்டும். பேர்ல் சித்திக்கு மறுபடி எப்போதாவது சிங்க் அடைக்காமலா போகும்?