ஏரிக்கரைத் துணி ஸ்டாண்டுத் தேர்வு

உலகத்தில் எத்தனையோ மகத்தான தேர்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் சக்கரம் வைத்த துணி ஸ்டாண்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று கூட்டம், ஒரு துணைக்குழு, ஒரு கள ஆய்வு, ஒரு சீட்டுக் குலுக்கல் என்று நாற்பது நாள் உழைத்த ஊர், பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் ஊர் ஒன்றுதான். ஊர்க் குழுவின் செயலாளன் என்ற முறையில் இதைப் பதிவு செய்வது என் கடமை. அடக்கம் தடுத்தாலும் கடமை விடவில்லை.

முதலில் சில்லறை விவரங்கள். முகத்துவாரத்தை மணல் மூடி மீன் வரத்து குறைந்ததிலிருந்து எங்கள் ஊர்ப் பெண்கள் பதினெட்டுப் பேர் நைட்டியும் பாவாடையும் தைத்து விற்கிறார்கள். ஊரில் அடுப்பு எரிவதே அதனால்தான் என்று ஒரு வதந்தி உண்டு. குழு அதை இன்னும் 'உறுதி செய்யவில்லை'. இவர்களுக்குத் தலைவி கோமளா. வருஷத்தின் பெரிய வியாபாரம் காணும் பொங்கல் அன்றுதான். ஏரி பார்க்க அவ்வளவு கூட்டம் வரும். போன வருஷம் கொடி கட்டித் துணியைத் தொங்கவிட்டார்கள். வாடைக் காற்றில் கொடி அறுந்து, பாதி நைட்டி சேற்றில் விழுந்து, மூன்று மாதத் தையல் வீணாய்ப் போனது. இந்த வருஷமும் அப்படியானால் மெஷின்களை விற்றுவிட வேண்டியதுதான் என்று கோமளா சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில் ஒரு தொண்டு நிறுவனம் மாதிரிக்கு இரண்டு ஸ்டாண்டு அனுப்பியது. 'எது உறுதியோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பவும்' என்று கோமளா பெயருக்குக் கடிதம்.

கோமளா இரண்டையும் பிடித்து ஆட்டினாள். ஒன்று வெடவெடவென்று ஆடியது. மற்றது தடித்த குழாய், பெரிய ரப்பர் சக்கரம், பிரேக். கரை மணலில் தள்ளிப் பார்த்தாள், போனது. "இதான்," என்றாள். மொத்தம் ஐந்து நிமிஷம்.

ஐந்து நிமிஷத்தில் முடிவெடுத்தால் நாடு உருப்படுமா? குழுத் தலைவர் வீரராகவன் உடனே தலையிட்டார்.

"இந்தாம்மா கோமளா, இது இரும்பு சமாச்சாரம். ஆம்பளைங்க நாங்க பாத்துக்கறோம். நீங்க துணிய மட்டும் தைங்க."

"பாத்துக்கங்கண்ணா. பொங்கலுக்குள்ள குடுத்துருங்க, அது போதும்."

முதல் கூட்டம் கூடியது. எங்களுக்குத் தெரிந்த ஒரே வாகனம் படகு என்பதால் விவாதம் இயல்பாகவே ஆழமான பகுதிக்குப் போய்விட்டது.

"இதுக்கு முன்பக்கம் எதுப்பா?" என்று தலைவர் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் தலைவரே," என்றான் ராபர்ட். துறைமுகத்தில் வெல்டர் வேலை பார்ப்பவன் என்பதால் அவன்தான் எங்கள் 'தொழில்நுட்ப ஆலோசகர்'.

"அதெப்டி? அப்பால எந்தப் பக்கம் பொட்டு வெக்கிறது? நங்கூரம் எங்க கட்றது?"

"பிரேக்கு கீது தலைவரே."

"பிரேக்கு அறுந்துச்சுன்னா?"

பொட்டு வைக்கும் பக்கத்தைக் கண்டறிய ஒரு துணைக்குழு அமைத்துவிட்டு டீ குடித்தோம்.

இரண்டாம் கூட்டம் கள ஆய்வு. தையல் குழுவைச் சேர்ந்த சரோஜா நாலு நைட்டியோடு வந்து, "மாட்டிப் பாத்துருங்களேன்," என்றாள். "நைட்டில இன்னா வெயிட்டு கீது?" என்று ராபர்ட் அவளை அனுப்பிவிட்டான். பிறகு இரண்டு ஸ்டாண்டிலும் ஈர இறால் வலையை ஏற்றினோம். இரண்டும் தாங்கின. வேறு வழியில்லாமல் தலைவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொங்கினார். தடித்த ஸ்டாண்டு தாங்கியது. மெலிந்த ஸ்டாண்டு தலைவரோடு சேர்ந்து மண்ணில் உட்கார்ந்தது. அதைத் திருப்பி அனுப்புவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். தலைவர் மட்டும் படுத்தபடியே கை தூக்கினார்.

ஆக, கோமளா ஐந்து நிமிஷத்தில் தற்செயலாகச் சொன்னதை நாங்கள் முப்பத்தோரு நாளில் விஞ்ஞானபூர்வமாக நிரூபித்தோம்.

இனி கொடுத்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அவசரக்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள். பொதுவான ஒரு பொருள் ஊருக்கு வந்தால் அதைப் பங்கிட எங்களிடம் பாடு முறை இருக்கிறது. ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்போம். சண்டை கிடையாது, போலீஸ் கிடையாது. அப்பேர்ப்பட்ட நீதியை ஒரு ஸ்டாண்டுக்கு மறுக்கலாமா? மூன்றாம் கூட்டத்தில் பாடு பட்டியலிலுள்ள பெயர்களை எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கினோம். காணும் பொங்கல் நாள் சின்னதம்பிக்கு விழுந்தது.

"எனுக்கு இன்னாத்துக்குப்பா இது?" என்று சின்னதம்பி பதறினார். "மாட்டறதுக்கு எங்கிட்ட ஒரு லுங்கிதான் கீது. கோமளாவாண்டயே குட்த்துட்றேன்."

"பாட்ட கை மாத்தப் புடாது," என்றார் தலைவர். "லுங்கிய மாட்டு."

வாசலில் நின்றிருந்த கோமளா கேட்டாள்: "அண்ணா, எங்க பதினெட்டுப் பேரு பேரும் சொம்புல இல்லியே?"

"பொம்பளைங்களுக்கு ஏதும்மா பாடு? ஏரில வலை போட்றியா நீ?"

"இப்ப நீங்க மட்டும் போட்றீங்களாண்ணா?"

இதை 'பொருளுக்குத் தொடர்பற்ற கேள்வி' என்று குறிப்பேட்டில் எழுதி, கூட்டத்தை இனிதே முடித்தேன்.

காணும் பொங்கலன்று எங்கள் ஸ்டாண்டு கரையில் கம்பீரமாக நின்றது. பொட்டு இரண்டு பக்கமும். நடுவில் சின்னதம்பியின் லுங்கி. காற்று எவ்வளவு அடித்தும் அசையவில்லை. பொன்னேரியிலிருந்து வந்த ஒருவர் லுங்கி என்ன விலை என்று கேட்டார். அது எங்கள் காலை வியாபாரம்.

பதினோரு மணிக்குக் கரையில் ஒரு வினோதம். சும்மா கிடந்த படகுகளிலிருந்து தள்ளுகோல்களை உருவிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். ஒரு கோலுக்கு இரண்டு பேர். ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்து, நடுவில் வரிசையாக நைட்டிகள். இப்படி ஒன்பது கோல். காற்று வந்தால் திரும்பிக்கொண்டார்கள். கூட்டம் எங்கே நகர்ந்ததோ அங்கே நகர்ந்தார்கள். சரோஜா பாட்டே பாடிக்கொண்டு போனாள். இரண்டு மணிக்கெல்லாம் ஒரு பாவாடை நாடாகூட மிச்சமில்லை. எனக்கே சந்தோஷமாக இருந்தது. செயலாளன் என்பதால் காட்டிக்கொள்ளவில்லை.

அன்று மாலை ஒவ்வொரு வீட்டிலும் கறிக்குழம்பு. குழு உறுப்பினர்கள் அனைவரும் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டு, தேர்வின் வெற்றியைப் பாராட்டிக்கொண்டோம்.

போன வாரம் தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. பயனாளியே பூர்த்தி செய்ய வேண்டுமாம். கோமளாவிடம் நீட்டினேன். அவள் நின்றபடியே எழுதித் தந்தாள்.

ஸ்டாண்டு உறுதியாக உள்ளதா? 'உள்ளோம்.'

எத்தனை கால்கள்? 'முப்பத்தாறு.'

எவ்வளவு பாரம் தாங்குகிறது? 'ஊர் ஆம்பளைங்க மொத்தப் பேரையும்.'

செயலாளன் என்ற முறையில் சரிபார்த்தேன். ஒரே ஒரு குறை: பாரத்தைக் கிலோவில் குறிப்பிட வேண்டும் என்பது விதி. வீடு வீடாகப் போய் ஆண்களின் எடையை விசாரித்துக் கூட்டினேன். கடைசியில், நேர்மை என்று ஒன்று இருக்கிறதே, என்னுடைய எண்பத்து நாலு கிலோவையும் அந்தப் பதினெட்டுப் பெண்கள் மேல் ஏற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.