ரிசீவருக்கு ஜுரம் பார்த்த அக்கா

சித்தூர் ஜில்லாவில் டிவி பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். டிவிக்குப் பக்கத்தில் இருக்கிற ரிசீவருக்கு ஜுரம் பார்த்தவர் எங்கள் டெம்பரேச்சர் அக்கா ஒருவர்தான்.

அக்கா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் சித்தூரில் குடியிருந்த காம்பவுண்டில் முதல் வீடு அவருடையது. யார் வந்தாலும் வாங்க என்பதற்கு முன்னால் நெற்றியில் புறங்கையை வைத்துவிடுவார். பால்காரர், கரண்ட் ரீடிங் எடுப்பவர், ஜெபம் செய்ய வந்த பாஸ்டர், யாரும் தப்பியதில்லை. பாஸ்டருக்கு லேசாக ஜுரம் இருப்பதாகச் சொல்லி, ஜெபத்தைச் சுருக்கி வீட்டுக்கு அனுப்பியதை நானே பார்த்தேன்.

அவருடைய ரிசீவர், மாதச் சந்தா இல்லாத, மொட்டைமாடி டிஷ் குடையோடு வந்த பழைய பெட்டி. கொஞ்ச நேரம் ஓடினால் போதும், படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். ரிப்பேர்காரர் பார்த்துவிட்டு, இதற்குக் காலம் முடிந்துவிட்டது, புதுசு வாங்குங்கள் என்றார். அக்கா அவரை அனுப்பிவிட்டுப் பெட்டியின் மேல் புறங்கையை வைத்தார்.

"இது சாவு கேஸ் இல்ல. ஜொரம்" என்றார்.

வைத்தியம் அன்றே தொடங்கியது. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸிலிருந்து பெட்டிக்கு விடுதலை கிடைத்தது. அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்த டிவிடி பிளேயரை இறக்கி, நோயாளி மேல் நோயாளியை எந்த ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கிறார்கள் என்று என்னைக் கேட்டார், ஏதோ நான் வைத்ததுபோல. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு ஓட்டைகளை அடைத்திருந்த தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தார். அடியில் காற்றுப் போக, மூலைக்கொரு சோடா மூடி வைத்துத் தூக்கி நிறுத்தினார். கடைசியில் ஈரத்துணி ஒன்றைப் பிழிந்துகொண்டு வந்தவர், பாதி வழியில் நின்று யோசித்து, அதைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார்.

வேலூரிலிருந்து வந்த அவருடைய நாத்தனாருக்குத்தான் முகம் வாடிப்போனது. அவர் பெட்டிக்கென்றே பின்னிக் கொடுத்த லேஸ் உறை அதன்மேல் இல்லை.

"ஜொரக்காரனுக்கு ஸ்வெட்டர் போடுவியா நீ?" என்று கேட்டார் அக்கா. நாத்தனார் ஊருக்குக் கிளம்பும்போது, கழற்றிப் போட்டிருந்த உறையைத் தேடி எடுத்து டிவிடி பிளேயருக்குப் போர்த்திவிட்டுப் போனார். அது ஏற்கெனவே செத்துப்போனது என்பதால் அக்கா ஆட்சேபிக்கவில்லை.

நிஜமான சோதனை மே மாதத்தில் வந்தது. கடைசி வீட்டு ரவி ஆட்டோ ஓட்டுபவர், சத்தியவேடு பக்கத்துக்காரர். அவர் மகள் சந்தியா கபடியில் மாநில அணிக்காக எங்கோ வடக்கே இறுதி ஆட்டம் ஆடப்போகிறாள். அதைக் காட்டும் சேனல் எங்கள் கேபிளில் வராது. போனில் பார்க்கலாமென்றால், எங்கள் காம்பவுண்டில் வட்டம் சுற்றுவதை மட்டும்தான் பார்க்க முடியும். அக்காவின் பெட்டியில் வரும். ஸ்டாண்டே கதியென்று இருந்த ரவி, மகள் ஆடி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மத்தியான வெயிலில் காம்பவுண்டே திரண்டு வந்தது. அக்கா எல்லோரையும் வெளியே தள்ளினார். இத்தனை பேர் மூச்சு விட்டால் நோயாளி என்ன ஆவது? டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி, எங்களை வராந்தாவில் நிற்க வைத்தார். அட்டெண்டராக ரவிக்கு மட்டும் உள்ளே அனுமதி. டேபிள் ஃபேன் பெட்டியைப் பார்த்துச் சுற்றியது. அக்காவுக்கு வியர்த்துக் கொட்டியது.

இடைவேளை வந்தபோது சந்தியாவின் அணி பின்தங்கியிருந்தது. அக்கா பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சட்டென்று ஸ்விட்சை அணைத்தார்.

ரவி எழுந்து அக்காவின் கையைப் பிடித்தார். "ஒத்தக்கா, வேணாம். அது திரும்பி வர்லேன்னா எம் பொண்ண நான் எங்க போயி பாப்பேன்?"

"ரெஸ்ட் குடுக்காம ஓட்னா கடைசில கைவிட்ரும் ரவி. சொன்னா கேளு."

இடைவேளை முடியும் நேரத்துக்குத்தான் மறுபடி போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. ரவி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பிறகு படம் வந்தது. சந்தியா கோட்டைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தின் கடைசி ரெய்டும் அவளுடையதுதான். அணி ஒரு பாயின்ட் பின்னால். இரண்டு பேர் அவள் காலைக் கவ்வினார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டே தவழ்ந்து வந்து விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டாள். படம் ஒரு கட்டம்கூட உடையவில்லை.

வராந்தா அதிர்ந்தது. உள்ளே ரவி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அக்கா துண்டை விலக்கி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஜொரம் இல்ல. நல்லா அழு" என்றார்.

அப்புறம் எங்களை உள்ளே விட்டார். கோப்பையைத் தொடுவதுபோல ஒவ்வொருவராகப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தோம். இளஞ்சூடுதான். அந்த வாரமே காம்பவுண்டில் எல்லார் வீட்டுப் பெட்டியும் சோடா மூடி மேல் ஏறிவிட்டது.

இப்போது நான் திருப்பதியில் இருக்கிறேன். வெயில் ஏறினால் அக்காவிடமிருந்து போன் வந்துவிடும். "வேலை வேலைன்னு சுத்திக்கினு கீறியே, தண்ணி குடிச்சியா கண்ணு?" என்பார். லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, எழுந்துபோய்க் குடித்துவிட்டு வந்துதான் ஆமாம் என்பேன்.