நெவிலின் முழங்காலுக்கு ஒரு நேர்த்தி

என் வாழ்நாளில் ஒரே ஒரு நேர்த்திக்கடனைத்தான் முழங்காலில் ஏறிச் செலுத்தியிருக்கிறேன். அதுவும் பெற்ற தாய்க்காக அல்ல. முன்பின் தெரியாத ஓர் அவுஸ்திரேலிய விளையாட்டுக்காரனின் முழங்காலுக்காக. (சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம்.)

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதியாக மொன்றியலுக்கு வந்த புதிது. சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி மடிக்கிற வேலை. அறையில் கூட இருந்த இருவரும் டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை. நான் வர அவர்கள் போவார்கள், அவர்கள் வர நான் போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வீட்டில் இருந்தது பழைய தொலைக்காட்சிப் பெட்டி மட்டும்தான். பிரெஞ்சு விளங்காது. ஆங்கிலம் நான் நினைத்திருந்த அளவுக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு சானலாகத் திருப்பிக்கொண்டு போனபோதுதான் ஒரு விளையாட்டுச் சானலில் அந்த ஆட்டம் அகப்பட்டது.

அவுஸ்திரேலியாவில் அதுவும் உதைபந்தாட்டம்தானாம். ஆனால் முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையால் பிடித்தார்கள், குத்தினார்கள், பிறகு ஞாபகம் வந்தவர்கள் போல உதைத்தார்கள். ஒருவன் தோளில் ஒருவன் ஏறிப் பந்தைப் பிடித்தான். தோள் கொடுத்தவன் கோபிக்கக்கூட இல்லை. அந்தக் கூட்டத்தில்தான் நெவில் இருந்தான். பந்து வரும்வரை கோல் கம்பங்களுக்கு முன்னால் தனியே நிற்பது அவன் வேலை. வந்தால் மைதானமே எழுந்து நிற்கும். வராவிட்டால் அவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். செம்மறிப் பண்ணையிலிருந்து வந்தவன், வருடக்கணக்காக இரண்டாம் அணியில் காத்துக் கிடந்து முதல் அணிக்கு ஏறியவன் என்று வர்ணனையாளர் சொன்னார்.

மன்னாரிலிருந்து அம்மாவின் கடிதம் வந்து பல மாதங்களாகியிருந்தன. நெவிலின் செய்தியோ ஞாயிறு தவறாமல் வந்தது. எனக்குத் தெரிந்தவர்களுக்குள் சுகமாக இருக்கிறான் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவனாகிவிட்டான்.

ஒரு ஞாயிறு அவன் பந்துக்குப் பாய்ந்து விழுந்தான். முழங்கால் மடங்கக்கூடாத பக்கம் மடங்கியது. தூக்கிக்கொண்டு போனார்கள். இத்தோடு இவன் ஆட்டம் முடிந்திருக்கலாம் என்றார் வர்ணனையாளர். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மலையிலுள்ள புனித சூசையப்பர் கோயிலுக்குப் போனேன். அங்கே முழங்காலில் ஏறுவதற்கென்றே மரப்படிகள் உண்டு. கேட்டது கிடைத்த பிறகுதான் நேர்த்தியைச் செலுத்துவது வழக்கம். சூசையப்பர் யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாதென்று நான் முதலே ஏறிவிட்டேன். பாதியில் என் முழங்கால்கள் எனக்கு எதிராகத் திரும்பின. மேலே போய்ச் சேர்ந்தபோது எழும்ப முடியவில்லை. கைகொடுத்துத் தூக்கிவிட்டவர் றீற்றா அக்கா. சென்ட் மிஷேல் பகுதியில் கணவரோடு இருந்தார். கோயிலில் கண்டிருக்கிறேன், கதைத்ததில்லை.

"ஆருக்குத் தம்பி நேர்த்தி?"

"நெவிலுக்கு, அக்கா. முழங்கால் போயிட்டுது. இனி ஓடுவானோ தெரியாது."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். நெவில் என்றால் எங்கள் கத்தோலிக்கப் பெடியன்களிலேயே எத்தனையோ பேர். யுத்தம் நடந்த அந்த நாட்களில் ஊரில் ஒருவனின் முழங்கால் போவதற்குக் காரணம் கேட்கவும் யாருக்கும் மனம் வராது. என் கூடப்பிறந்த தம்பி என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

அதன்பிறகு தமிழ்ப் பூசையில் நெவிலுக்காக மன்றாட்டு. முன்பு தலையாட்டிவிட்டுப் போனவர்கள் என் கையைப் பிடித்து விசாரித்தார்கள். ஞாயிறுதோறும் றீற்றா அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அந்த மேசையும், அதைச் சுற்றியிருந்து தமிழில் கதைக்கிற மனிதர்களும் போய்விடுவார்களே என்று பயமாக இருந்தது. சொதியைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

கோடை முடியும் நேரம். அக்காவின் கணவர் தொலைக்காட்சியைத் திருப்பிக்கொண்டிருந்தார். திரையில் நெவில். ஓடுகிறான். சோற்றுக் கையோடு எழும்பிவிட்டேன்.

"அக்கா, நெவில் ஓடுறான். முழங்கால் சரிவந்திட்டுது."

எல்லோரும் பார்த்தார்கள். கையில்லாச் சட்டையும் கட்டைக் காற்சட்டையும் போட்ட, செம்பட்டைத் தலை வெள்ளைக்காரன் ஒருவன் பந்தோடு போய்க்கொண்டிருந்தான்.

"இவரோ நெவில்?" என்றார் அக்கா.

"ஓம், அக்கா."

அவர் கணவர் திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "தாய் ஒண்டு, தேப்பன் வேறயோ?"

கையைக் கழுவிவிட்டு ஜாக்கெட்டை எடுத்தேன். அக்கா கதவடியில் வந்து நின்றார்.

"நேர்த்தி வைக்க உமக்குச் சொந்தத்தில ஒருத்தரும் இல்லையோ?"

"அம்மா இருக்கிறா. இருக்கிறாவோ எண்டும் தெரியாது. அவவுக்கு வைச்சால் பலிச்சுதோ எண்டு எனக்கு ஆர் சொல்லுறது? இவனெண்டால் ஞாயிற்றுக்கிழமை தெரிஞ்சிடும்."

அக்கா ஜாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கிக் கொளுக்கியில் மாட்டிவிட்டுப் புதிதாகச் சோறு போட்டார். அடுத்த ஞாயிறு மன்றாட்டில் அம்மாவின் பெயர் வாசிக்கப்பட்டது. அன்றைக்கும் அழுதேன்.

பனி கொட்டத் தொடங்கிய பிறகு அம்மாவின் கடிதம் வந்தது. சுகமாக இருக்கிறாராம். ஆளில்லாத ஊரில் நான் தனித்துப்போய்விடக்கூடாதென்று எங்கள் ஊர்ப்பக்கத்து மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாராம். நெவில் அடுத்த வருடமே ஓய்வுபெற்றான். அவனைப் பற்றி அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

றீற்றா அக்கா இந்தக் கதையை என் மனைவிக்குக் கலியாண வீட்டிலேயே சொல்லிவிட்டார். மனைவி பிள்ளைகளுக்குச் சொன்னாள். இப்போது என் முழங்கால்கள் இரண்டும் பழுது. போன மாதம் வைத்தியர், இளமையில் ஏதாவது விளையாடினீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கமுதலே மகள் பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டாள்: அப்பா அவுஸ்திரேலியாவில் தொழில்முறை உதைபந்தாட்டக்காரர், காயத்தால் ஓய்வுபெற்றவர். வைத்தியர் என்னை ஒருமுறை மரியாதையாகப் பார்த்துவிட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை.