கஸ்பார் வீட்டு வேலி

வேலி ஜோடனைக்காரர் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கூரை ஒழுகினால் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, வேலிக்கு மூன்றாம் முறை பெயின்ட் அடிக்கப் போகிறவர் இவர். உள்ளே சுவர் உப்புப் பூத்து உதிரும், அடுப்படி இருண்டு கிடக்கும், கட்டிலுக்கு நாலாவது காலாகச் செங்கல் நிற்கும். அதெல்லாம் தெருவுக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரியாதது இவரைப் பொறுத்தவரை இல்லை.

மாதிரிக்கு ஒருவரைக் காட்டுகிறேன். காலடிப்பேட்டை கஸ்பார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே நாலடி மண், அதில் ஐந்து குரோட்டன்ஸ் செடி, அந்த ஐந்தைக் காக்க ஆளுயர மரவேலி, வேலியில் கட்டைக்கு ஒரு நிறம், மேலே பிளாஸ்டிக் கொடி, கொடியில் பிளாஸ்டிக் கிளி, கிளிகளுக்கு நடுவே சீரியல் பல்பு, வாசலின் இருபுறமும் பழைய டயரை வெட்டிச் செய்து வெள்ளையடித்த அன்னம். எண்ணூர்ப் பக்கத்துக் கரித்தூள் இரண்டே நாளில் அன்னத்தைக் காக்கையாக்கிவிடும். விடுவாரா? லாரித் தண்ணீரில் முதல் குடம் அன்னத்துக்கு. சோற்றுக்கு இரண்டாவது குடம்.

அந்த வழியாக யாரும் சும்மா போய்விட முடியாது. "இன்னா நைனா, வேலி எப்டி கீது?" என்று மடக்குவார். "சோக்கா கீது" என்பதுதான் அனுமதிக்கப்பட்ட பதில். எதிர்வீட்டு பக்ருதீன் ஒருநாள், "வேலி கீது நைனா. வூடு எங்க?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

வீடு பின்னால் இருக்கிறது. அங்கே குளியலறைக்குக் கதவு கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் புயல் கொண்டுபோனது. அதற்குப் பதில் ஒரு பழைய சேலை தொங்குகிறது. கடற்காற்று வந்தால் சேலை பறக்கும். ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் சேலை என்று குளித்தே பழகிவிட்டாள் மனைவி ஃப்ளோரா. ஆனால் மகள் சாரா தலைப்பிரசவத்துக்கு நிறைமாதமாக வந்து இறங்கியபோது ஃப்ளோராவால் பொறுக்க முடியவில்லை.

"புள்ளத்தாச்சிப் பொண்ணுய்யா. ஒத்தக் கையால சேலையப் புடிச்சிகினு எப்டிக் குளிப்பா? வயுக்கி வுயுந்தா இன்னா ஆவுறது?"

"மாதா தேர் வரட்டும். அப்பால பாக்கலாம்."

'அப்பால பாக்கலாம்.' இந்த இனத்தின் அன்றாட ஜெபம் இது. மாதா திருவிழாத் தேர் தெருவுக்கு ஒரு வீட்டு வாசலில் நின்று, அந்தக் குடும்பத்துக்காக ஜெபம் சொல்லிவிட்டுப் போகும். இந்த வருடம் கஸ்பார் வாசலில். கோயில் கமிட்டியை ஆறு மாதம் நச்சரித்து வாங்கிய பாக்கியம்.

ஃப்ளோராவின் தம்பி பென்னி, உடைத்த கப்பல்களின் சாமான் விற்கும் தண்டையார்பேட்டை கிடங்கில் வேலை செய்கிறான். அக்காள் மகளுக்காக ஒரு கேபின் கதவைச் சுமந்துகொண்டு வந்தான். தேக்கு. பித்தளைத் தாழ்ப்பாள். நடுவே வட்டக் கண்ணாடி. அதன் மேல் ஒட்டுவதற்குக் கறுப்புத் தாளும் மறக்காமல் கொண்டுவந்திருந்தான்.

கஸ்பார் கதவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இம்மாம் அயகான கதவப் போயி பாத்ரூம்ல மாட்டுவாங்களா? எவன் பாப்பான்?"

"எவனும் பாக்கக் கூடாதுன்னுதான்யா கதவு!" என்றாள் ஃப்ளோரா.

மறுநாள் காலை அந்தக் கதவு வேலியின் வாசல் கதவாகத் தொங்கியது. கறுப்புத் தாளைக் காணோம். அதற்கு அடுத்த நாள் சாரா குளிக்கும்போது காற்று வந்தது, சேலைக்குக் கை நீட்டினாள், வழுக்கினாள். தொட்டியின் விளிம்பைப் பிடித்ததால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அலறல் கேட்டு, "அடி கிடி பட்டுச்சா?" என்று கஸ்பார் விசாரித்தார். எங்கிருந்து? வேலியருகிலிருந்து, தாழ்ப்பாளைத் துலக்கிக்கொண்டே. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிகிறது. ஃப்ளோரா தம்பிக்கு ஒரு போன் போட்டாள்.

திருவிழா அன்று மாலை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தேரோடு வரக் கோயிலுக்குப் போனார் கஸ்பார். பென்னிக்கு ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு மணி நேரமும் போதுமாயிருந்தன.

தேர் வந்தது. பேண்டு நின்றது. தெருவே செல்போனைத் தூக்கியது. சீரியல் பல்பு மின்ன, கிளிகள் ஆட, இரண்டு அன்னங்களுக்கு நடுவே, கதவு இருந்த இடத்தில், குளியலறைச் சேலை தொங்கியது! சாமியார் ஜெபத்தைத் தொடங்கவும் கடற்காற்று அதைத் தூக்கவும் சரியாக இருந்தது. திறந்து கிடந்த வீட்டுக்குள் உப்புச் சுவர், கூரை ஒழுகலுக்குக் கட்டிய நீலத் தார்ப்பாய், வாளி, கட்டில்கால் செங்கல் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. எதிரே நின்ற பக்ருதீன், "அட, வூடு கீது நைனா!" என்றார். சாமியார் ஜெபத்தை நிறுத்திய அந்த நொடியில் வீட்டின் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சாரா குளியலறைக்குள் போய்ப் பித்தளைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட சத்தம்.

கஸ்பார் திருந்தினாரா என்கிறீர்களா? சேலையின் கொசுவத்தைக் கையால் நீவிச் சரிசெய்துவிட்டு, மனைவியின் காதருகே குனிந்து கேட்டார்: "ஏம்மே, இன்னும் கொஞ்சம் பெரிய பூப்போட்ட சேலை இல்லியா?"

நன்றாகச் சிரித்தீர்கள். உங்கள் முன்னறையில் விருந்தாளி கண்ணுக்கென்று மாட்டியிருக்கிறீர்களே ஒரு பெரிய படம், அதற்குப் பின்னால் இருக்கும் விரிசலைப் பற்றி நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறதா என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அது போதும். என்ன, அப்புறம் பார்க்கலாமா?

வணக்கம், கஸ்பார் அவர்களே.